கூர்மநாதருக்குப் பொங்கல் ஆகாது

நேசமலரைப் பற்றி ஊரில் முதலாவதாகக் கோள் சொன்னவள் நான்தான். ஆகவே அவளுடைய கதையைச் சொல்லும் உரிமையும் முதலில் எனக்குத்தான் வரவேண்டும். மற்றவர்களைச் சொல்ல விட்டால் தங்களை நல்லவர்களாக்கிவிட்டுத்தான் அவளைப் பற்றித் தொடங்குவார்கள். என் பெயர் விமலேஸ்வரி. அவள் பக்கத்து வளவுக்காரி. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றடியில் ஒரு ஆமை. அந்த ஆமைக்கு என்ன தின்னக் கொடுப்பது என்பதுதான் சண்டை முழுவதும். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், எனக்குக் கவலையில்லை.

கண்டாவளைப் பக்கம் காட்டை வெட்டி, குடும்பத்துக்கு இவ்வளவு வயல், இவ்வளவு மேட்டுக்காணி என்று அரசாங்கம் பிரித்துக் கொடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவர்கள் நாங்கள். பாய், தலையணை, அம்மி, உரல் எல்லாம் லொறியில் ஏற்றினோம். யார் வீட்டில் வாய் நனைக்கலாம், யார் வீட்டில் நனைக்கக்கூடாது என்பதையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு வந்தோம். வந்து பார்த்தால் இரண்டு வளவுக்கு ஒரு கிணறு என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் கிணற்றின் மற்றப் பங்கு கதிர்காமநாதனுடையது. நல்ல மனிதன். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுவான், அதில் ஆறு எருதுகளோடு.

அந்த வாய் திறவாதவன் ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் நெல் மூட்டைகளோடு முல்லைத்தீவுக்குப் போனான். லொறி திரும்பி வந்தபோது பின்னால் கருவாட்டுச் சிப்பங்கள், முன்னால் நேசமலர். கத்தோலிக்கப் பெட்டை. தகப்பன் யாக்கோப்பு களப்பில் வலை போடுகிறவர். கையில் ஒரு தகரப் பெட்டி, மடியில் அந்தோனியார் படம். "கலியாண எழுத்து முடிஞ்சுது" என்று கதிர்காமநாதன் எங்களுக்குச் சொன்னான். அதற்கு மேல் விபரம் வேண்டுமென்றால் எருதுகளிடம்தான் கேட்கவேண்டும்.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். கறுப்பு, நெடுவல், நடந்தால் ஆண்பிள்ளை நடை. கடல் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்தி வளர்ந்த குரல். அவள் புருசனிடம் சொல்லும் இரகசியம் எனக்குக் குசினிக்குள் கேட்கும். கோபம் வந்தால் மறைக்கமாட்டாள், பொய் சொல்லவும் வராது. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தி எங்கள் ஊரில் குடியிருக்க வந்தது அவளுடைய கெட்ட காலம்.

கிணற்றுக்கு நான் சட்டம் வைத்தேன். இரண்டு வாளி, இரண்டு கயிறு. காலையில் நான் அள்ளி முடித்த பிறகுதான் அவள் அள்ளலாம். அவளும் சரி அக்கா என்றாள். வேலிக்கு மேலால் அவ்வப்போது ஏதாவது நீட்டுவாள், அவித்த கிழங்கு, வட்டிலப்பம், தொதல். வாங்குவேன், சிரிப்பேன், கொண்டுபோய் மாட்டுக்குப் போடுவேன். ஒன்றரை வருடமாக அவள் கையால் சமைத்த ஒன்றையும் நான் வாயில் வைக்கவில்லை. மாட்டுக்குப் போய்ச் சேருமுன் பாதி என் மனுசன் தவராசாவின் வயிற்றுக்குள் போகிறது என்று எனக்குத் தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழியில் பெரிய வெள்ளம் வந்தது. நாங்கள் நான்கு நாள் பள்ளிக்கூடத்துக் கூரையின் கீழ் கிடந்தோம். தண்ணீர் வடிந்ததும் கிணற்றை இறைத்தோம். கடைசிச் சேற்றோடு வாளியில் வந்தது ஒரு கறுப்பாமை. சோற்றுக் கோப்பை அளவு, கழுத்தோரம் மஞ்சள் கோடு. தவராசா அதைக் கொண்டுபோய் வாய்க்காலுக்குள் எறியப் புறப்பட்டார். எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து இளையதம்பியர் வந்து சேர்ந்தார்.

இளையதம்பியர் யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் ஒன்றில், சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குச் சத்தமாகப் பேப்பரும் புராணமும் வாசித்துக் காட்டின மனிதர். இருபது வருடம் வாசித்ததால் உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நம்பிவிட்டார். எங்கள் ஊரில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த அம்மன் கோயிலைப் பார்க்கும்படி அவரை ஒருவரும் கேட்கவில்லை. அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறியாதை தம்பி," என்றார். "வெள்ளத்தில எங்கட ஊரில ஒரு சனம் செத்ததே? இல்லை. ஏன்? பாற்கடலைக் கடைஞ்சபோது மலையை முதுகில தாங்கினவர் ஆர்? உவர்தான். எங்களையும் தாங்கினவர்."

ஆமை வளவுக்குள் வந்தால் குடி நாசம் என்று நான் பயந்து சொன்னேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "வீட்டு வாசலால வந்தால்தான் கூடாது பிள்ளை. இவர் கிணத்தால வந்தவர்." அந்த இடத்திலேயே கூர்மநாதர் என்று பெயரும் வைத்தார். கிணற்றடியில் மாடு தண்ணீர் குடிக்கும் சீமெந்துத் தொட்டியைக் கழுவி, அதற்குள் விட்டோம். கிணறு என் பங்கிலும் இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் என் படலையைத் திறந்துகொண்டு வந்து கும்பிட்டது.

கும்பிட வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் ஒரு அகப்பை தொட்டிக்குள் விழுந்தது. அடுத்த வெள்ளி பால் ஊற்றினோம், ஒரு செம்பு இல்லை, ஆறு செம்பு. மோதகம் போட்டோம். உளுந்து வடை போட்டோம், சும்மா போட்டால் விழுங்கமாட்டார் என்று பிய்த்துப் போட்டோம். பிள்ளை இல்லாத ஒருத்தி தகரத்தில் அடைத்த ரின்பால் வாங்கி வந்து கரண்டியால் அதன் வாய்க்கு நேரே வார்த்தாள். யாரோ ஒருவர் பாணைத் தேநீரில் நனைத்துப் போட்டிருக்கிறார், அதையும் நான் கண்டேன். தேநீர் குடிக்காத சாமி எங்கள் ஊரில் என்ன சாமி?

இளையதம்பியர் இன்னும் ஒரு படி மேலே போனார். கூர்மநாதர் சுத்த சைவம் என்று தீர்த்துவிட்டார். தொட்டியில் ஒரு நத்தை, ஒரு தவளை வாற்பேத்தை, ஒரு புழு இருக்கக்கூடாது. மீன், இறைச்சி என்று மச்சத்தின் நிழல் படக்கூடாது. ஒவ்வொரு விடியவும் தேங்காய்ப் பொச்சால் தொட்டியை உரஞ்சிக் கழுவி, பாசி ஒரு பிடி கூட இல்லாமல் வழித்தெடுத்தார். அந்தச் சீவன் தின்னக்கூடியது எல்லாம் வெளியே போயிற்று, தின்னக்கூடாதது எல்லாம் உள்ளே வந்தது. இதெல்லாம் எனக்கு இன்று தெரியும். அன்று நானும் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

நேசமலர் மூன்றாம் வெள்ளிக்கிழமை வேலியடிக்கு வந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் நான்கு மாதம்.

"அக்கா, உதுக்குப் பால் குடுக்காதேங்கோ. செத்துப்போகும்."

"ஏன், உன்ர ஊரில சாராயமே குடுக்கிறவை?"

"நத்தை, புழு, மீன்குஞ்சு தின்னும். பாசியும் பொன்னாங்காணியும் தின்னும். பால், சக்கரை, பாண், உப்பு, உறைப்பு, எண்ணெய்ப் பலகாரம் ஒண்டும் அதின்ர வயித்துக்கு ஏலாது. வெயில் காயிறதுக்கு ஒரு கல்லாவது தொட்டிக்க வையுங்கோ."

"அது உங்கட ஊர் ஆமை," என்றேன் நான். "இது சைவ ஆமை."

அவளுக்குக் கோபம் வரவில்லை. தங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது என்று சொல்லத் தொடங்கினாள். தகப்பன் களப்போரத்து மீன் வாடியில் உடைந்த வள்ளத்துக்குள் தண்ணீர் விட்டு ஒரு கறுப்பாமை வளர்த்தாராம். பெயர் சூசை. அவளுக்கு எட்டு வயதில், நத்தார் அன்று, பாலன் பிறந்த நாளில் சூசைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேக் துண்டொன்றை ஊட்டியிருக்கிறாள். பிறகு அது கேட்குது என்று நினைத்து ஒவ்வொரு நாளும் ஊட்டியிருக்கிறாள். "வருசம் பிறக்க முன்னம் செத்துப்போச்சு. அப்பா மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. இப்பவும் கேக் எண்டால் என்ர தொண்டையால இறங்காது, அக்கா."

எனக்கு அந்தக் கதையில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் கேட்டது வேறு.

"உங்கட ஊரில ஆமை தின்னுறவைதானே?"

"ஓம்," என்றாள் அந்த விசரி. "கடலாமை தின்னுவம்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் போய் முல்லைத்தீவில் விசாரிக்கப்போகிறார்கள்? அவள் ஓம் என்றாள், நான் அந்த ஓமைத் தூக்கிக்கொண்டு அன்றைக்குப் பின்னேரமே நான்கு வீடு ஏறி இறங்கினேன். கடற்கரைக்காரி எங்கள் கூர்மநாதரைக் கறிச்சட்டிக்கு நாள் பார்க்கிறாள் என்று சொன்னேன். இப்படித்தான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைப் பிடுங்கலாம்போல இருக்கிறது.

மாசி பிறந்ததும் கூர்மநாதர் கண்ணைத் திறக்கவில்லை. இமை இரண்டும் பொம்மென்று வீங்கி ஒட்டிக்கிடந்தன. தியானம் என்றார் இளையதம்பியர். ஒரு பக்கம் சரிந்து மிதந்தது. சயனம் என்றார். மூக்கால் நுரை வந்தது. அருள் என்றார். பொங்கலை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. விரதம் என்றார். கழிச்சலுக்கு மட்டும் அவருக்குப் புராணத்தில் சொல் அகப்படவில்லை.

நேசமலர் மறுபடியும் வந்து சொன்னாள். "ஐயா, அது தியானமில்லை. கண் வீங்கிப்போச்சு. பட்டினியும் சக்கரையும் சேர்ந்து கொல்லுது."

இளையதம்பியர் தொட்டியடியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். நானும், பால் செம்போடு வந்த பத்துப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். "ஆமை தின்னுற குடியில பிறந்தவள் அதே கிணத்தில தண்ணி அள்ளினால் சாமிக்குச் சரிவருமே? இனிமேல் இவருக்கு ஏதும் நடந்தால், அந்த நாளோட நீ இந்தக் கிணத்தில வாளி போடப்படாது. வாய்க்காலுக்குப் போ."

வாய்க்கால் முக்கால் மைல். போகப் பாதை இல்லை, வரம்புதான். சேறும் மாடு கலக்கின தண்ணீரும். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம், கால் வீங்கத் தொடங்கியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பங்குக்காரி நான் ஒரு சொல் சொன்னால் போதும், இளையதம்பியரின் தீர்ப்பு அந்த இடத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

பங்குனி முதல் திங்களுக்கு அம்மனுக்குப் பெரிய பொங்கல். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாரும் கோயிலடியில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சட்டி கழுவ நான் கிணற்றடிக்கு வந்தேன். தொட்டி வெறுமையாக இருந்தது. குனிந்து பார்த்தேன், சுற்றிப் பார்த்தேன். அப்போதுதான் மூக்குக்குத் தெரிந்தது. நேசமலரின் குசினிப் பக்கமிருந்து மீன் வெடில் அடித்தது. கூரையால் அடுப்புப் புகையும் வந்தது.

எனக்கு வேறென்ன தோன்றும்? கோயிலடிவரைக்கும் கேட்கக் கத்தினேன். பந்தல்காரர் கயிறும் கத்தியுமாக வந்தார்கள், இளையதம்பியர் முன்னால். என் மனுசனும் வந்தார். கதிர்காமநாதன் நெற்சூடு மிதிக்கிற களத்தில் நின்றதால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

நேசமலர் குசினி வாசலில் நின்றாள். "என்ன, எல்லாருமாய்ச் சேர்ந்து வாறியள்?"

ஒன்றரை வருடமாக அந்த வாசற்படியை மிதிக்காதவள் நான். அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. துணிகூடப் பிடிக்காமல் வெறுங்கையால் மூடியைத் தூக்கினேன். விரல் வெந்தது. எல்லாருடைய தலைகளும் என் தோளுக்கு மேலால் பானைக்குள் எட்டிப் பார்த்தன.

கஞ்சி. வெறும் கஞ்சி. தேங்காய்ப்பால்கூட விடாத அரிசிக் கஞ்சி.

"கறி எங்க?" என்று கேட்டார் இளையதம்பியர். அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

"தவக்காலம்," என்றாள் நேசமலர். "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் மீன் வாயில வைக்கிறேல்லை எண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி."

"பேந்து உந்த மணம் என்ன?"

அவள் கதவுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அங்கே ஒரு புது அலுமினியப் பேசின் இருந்தது. பிறக்கப்போகிற பிள்ளையைக் குளிப்பாட்ட யாக்கோப்பு லொறியில் அனுப்பி வைத்தது. நான்கு விரல் தண்ணீர், நடுவில் ஒரு செங்கல், யன்னலால் விழுந்த வெயில் அந்தக் கல்லின்மேல். கல்லில் கூர்மநாதர் ஏறி இருந்தார். பக்கத்தில் பொன்னாங்காணித் தண்டு, நசுக்கின நத்தை, விரல் நீளத்தில் இரண்டு மீன். ஒரு கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. மற்றக் கண் நெல்லளவு திறந்திருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கழுத்தை நீட்டி, ஒரு மீனின் வாலைக் கவ்வி இழுத்தார். இரண்டு கிழமையாக அவர் ஒன்றும் தின்று நான் பார்த்ததில்லை.

"மச்சம்," என்றார் இளையதம்பியர். "சாமிக்கு மச்சம் குடுத்திட்டாள்."

"நான் உங்கட சாமிக்குக் குடுக்கேல்லை, ஐயா. சூசைக்குக் குடுத்தனான்."

யாரோ சிரித்தார்கள். என் மனுசனாகத்தான் இருக்கவேண்டும். நேசமலர் சிரிக்கவில்லை.

"இது தப்பவேணும் எண்டுதான் நேர்த்தி வைச்சனான். அப்பா அனுப்பின மீன் முழுக்க இதுக்குத்தான். இது செத்தால் எனக்குத் தண்ணி இல்லை எண்டு சொன்னியள். தண்ணிக்காகத்தான் தூக்கினனான் எண்டு நினையுங்கோ, ஓம், அதுவும் மெய்தான். வாய்க்காலுக்குக் குடம் தூக்க எனக்கு ஏலாது. ஆனா நீங்கள் ஒவ்வொரு நாளும் கும்பிட்டுக் கும்பிட்டு இதைக் கொல்லுறியள். அதை வேலிக்கு இந்தப் பக்கம் நிண்டு பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமப் போச்சு."

அந்தச் சின்னக் குசினிக்குள் பதினைந்து பேர் நின்றோம். பானை மூடி இன்னும் என் கையில் இருந்தது. விரல் எரிந்தது, அதை வைக்க எனக்கு இடம் தெரியவில்லை. திரும்பப் பானையில் மூடினால் அவள் பார்ப்பாள். வெட்கம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது.

இளையதம்பியர்தான் முதலில் தெளிந்தார். நாளைக்குப் பொங்கல், சாமி தொட்டியில் இருந்தே ஆகவேண்டும், தூக்கு என்று ஒருவனைப் பார்த்துச் சொன்னார். அப்போது எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. அவர்மேல் வந்ததா என்மேல் வந்ததா, சொல்லத் தெரியாது.

"அவனை ஏன் ஏவுறியள்? நீங்களே தூக்குங்கோ," என்றேன். "தூக்கிக்கொண்டுபோய் நாளைக்கும் ஆறு செம்பு பால் ஊத்துங்கோ. ஆனா செத்தால் இளையதம்பியரின்ர கையில செத்தது எண்டு முதலாம் வாய்க்காலில இருந்து கடைசி வாய்க்கால் வரைக்கும் சொல்லுவன். என்ர வாய் எப்பிடியெண்டு உங்களுக்குத் தெரியும்."

அவருக்கு நன்றாகத் தெரியும். ஊருக்கே தெரியும். நீட்டின கையை மெதுவாக மடக்கி நெற்றியைத் தடவினார். "சாமி இளைப்பாறட்டும்," என்றார். "எட்டு நாள். எட்டாம் நாள் தொட்டியில நிமிர்ந்து நீந்தவேணும். இல்லாட்டிச் சொன்னது சொன்னதுதான், கிணத்தில வாளி போடப்படாது."

எல்லாரும் போன பிறகும் நான் நின்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழக்கமில்லை. மூடியை நிலத்தில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றேன்.

"அக்கா," என்றாள் அவள். "மீன் நாளையோட முடிஞ்சுபோம். லொறி இனி அடுத்த கிழமைதான். எனக்குக் குனிய ஏலாது. வாய்க்கால் கரையில நத்தை பொறுக்கித் தருவியளோ?"

நான் பரம்பரைச் சைவம். முட்டை அவித்த சட்டி வீட்டுக்குள் வந்தால் சட்டியையே உடைக்கிறவள். அவள் வேண்டுமென்றுதான் கேட்டாளோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வேறு ஒருவரும் இல்லாததால் என்னைக் கேட்டாள், அவ்வளவுதான்.

பொறுக்கினேன். ஏழு நாள், விடியப்புறம் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. சேலைத் தலைப்பில் நத்தையை முடிந்துகொண்டு வந்தேன். மண்வெட்டியால் கிளறி மண்புழு பிடித்தேன். முதல் நாள் ஓங்காளித்துச் சத்தி வந்தது, மூன்றாம் நாள் எது கொழுத்த நத்தை என்று பார்த்து எடுக்கத் தொடங்கிவிட்டேன். தவராசா ஒரு நாள் என் தலைப்பை அவிழ்த்துப் பார்த்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டாய்," என்றார், "இனி எனக்கு ஒரு முட்டை பொரிச்சால் என்ன?" நத்தைச் சிரட்டையால் அவருக்கு எறிந்தேன்.

அந்த ஏழு நாளும் அவள் குசினித் தரையில் எனக்குப் பக்கத்தில் இருந்து அதற்கு ஊட்டினாள். கீரையைச் சின்னனாக நுள்ளி மிதக்கவிடுவாள். நத்தையை ஓடு நொறுக்கி, ஓட்டோடு கொடுப்பாள், ஓடு உறுதிப்பட அதுவும் வேண்டுமாம். தின்று முடிந்ததும் தண்ணீரை மாற்றுவாள். தேங்காயெண்ணெய் விளக்கோடு ஒருத்தி கும்பிட வந்தபோது அந்தக் குரலால் ஒரு அதட்டு அதட்டினாள், வந்தவள் விளக்கையும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாம் நாள் மற்றக் கண்ணும் திறந்தது. நேசமலர் அழுதாள். நான் நுள்ளின கீரையைத் திரும்பத் திரும்ப நுள்ளிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் ஊர் முழுக்கக் கிணற்றடியில். நேசமலர் பேசினைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கதிர்காமநாதனும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். இரு கையாலும் ஆமையைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் விட்டாள். அது கல்லுப்போல் அடிக்குப் போயிற்று. போனது வரவில்லை. இளையதம்பியர் தொண்டையைச் செருமினார். அந்தோனியாரோ அம்மனோ யாரோ ஒருவர் வாருங்கோ என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். நேசமலர் கண்ணை மூடவில்லை, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தாள்.

கடைசியில் அது மேலே வந்தது. சரியவில்லை. நிமிர்ந்து, நான்கு காலும் அடித்து, தொட்டியின் ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு நீந்தியது. அங்கே இளையதம்பியர் கழுவ மறந்த மூலையில் ஒரு நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்த சைவக் கூர்மநாதர் ஊர் பார்க்க அதை விழுங்கினார்.

நேசமலர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போனாள். அவளுடைய வாளி மேலே கொளுவி இருந்தது, எட்ட முடியாமல் கை உயர்த்தினாள். நான் என் வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் அள்ளினாள், வாளியோடு சரித்து வாயில் ஊற்றிக் குடித்தாள், மிச்சத்தைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். அன்றையிலிருந்து அந்தக் கிணற்றில் ஒரு வாளிதான்.

இளையதம்பியர் சும்மா இருப்பாரா? அம்மன் தன் கனவில் வந்து எட்டு நாளும் பேசியதாக அடுத்த வெள்ளி அறிவித்தார். பலகை ஒன்றில் சுண்ணாம்பால் எழுதித் தொட்டியடியில் கட்டினார். "கூர்மநாதருக்குப் பால், பாண், சக்கரை, பொங்கல், ரின்பால், உப்பு, உறைப்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. இது அம்மன் உத்தரவு." அம்மன் கனவில் பேசின ஒவ்வொரு சொல்லும் நேசமலர் வேலியடியில் என்னிடம் சொன்ன சொல். நேசமலர் பலகையை வாசித்துவிட்டு, எழுத்துப்பிழை ஒன்றைத் தன் விரலால் அழித்துத் திருத்திவிட்டுப் போனாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

அதற்குப் பிறகு யாருடைய ஆடு வயிறு ஊதினாலும், யாருடைய கோழி தலை தொங்கினாலும் அவளைத்தான் தேடி வந்தார்கள். அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன தின்னக் குடுத்தனீங்கள்?" மெய் சொல்லும்வரைக்கும் விடமாட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. முல்லைத்தீவுக்குக் கொண்டுபோய்ப் புனிதமலர் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். வந்த அன்று மத்தியானம் நான் கிணற்றடியில் நின்றேன். கதிர்காமநாதன் ஒரு பானையைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் வைத்தான். எனக்குத் தெரிந்த பானை. எனக்குத் தெரிந்த மூடி.

"மூடியைத் திறந்து பாக்கட்டாம்," என்றான். அவன் திரும்பிப் போய்விட்டான்.

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. மூன்று மாதமாக அந்த மூடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன். சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து, மெதுவாகத் திறந்தேன். சர்க்கரைப் பொங்கல். முந்திரிகை வத்தல், கசுக்கொட்டை, நெய் மணம். மேலே வாழையிலைத் துண்டு, அதன்மேல் மடித்த ஒரு கடதாசி. அவளுடைய வடிவான எழுத்து.

"அக்கா, இது உங்களுக்கு. ஆமைக்குக் குடுக்கவேண்டாம். மாட்டுக்கும் குடுக்கவேண்டாம்."

நான் கிணற்றுக் கட்டில் இருந்தேன். கையைக் கழுவினேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று, பானைக்குள் கையை விட்டு அள்ளி வாயில் வைத்தேன்.